தாத்தா என்ன நிறம்?

“நீ இவரை அழ வெச்சிட்ட” என்றார் அங்கிள்.

அது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. பத்து காஜாவில் எங்கள் தாமான் வீட்டின் முன்வாசலில், 16-க்கு 20 அங்குலக் கேன்வாஸில் ஒரு பிரெஞ்சுக் குடியானவரின் முகத்தைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கிள் எங்கள் வரிசையிலேயே குடியிருக்கும் சீனர், பள்ளியில் ஓவியம் கற்பித்து ஓய்வுபெற்றவர். வாரம் ஒருமுறை வந்து காப்பி குடித்துவிட்டு, மலாயில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுப் போவார். நான் கொடுக்கும் குருதட்சணை அந்தக் காப்பிதான்.

அச்செடுத்து ஒட்டியிருந்த மூலத்தைப் பார்த்தேன். பிறகு என் கேன்வாஸைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. மூலத்தில் இருப்பவரின் கண்ணோரம் சிவந்திருக்கிறது, ஆனால் அழவில்லை. வாய் மூடியிருக்கிறது, ஆனால் சோர்ந்து தொங்கவில்லை. நானோ உதட்டின் இரு முனைகளையும் கீழே இழுத்திருந்தேன். புருவத்தின் நடுப்பகுதியைக் கொஞ்சம் தூக்கிவிட்டிருந்தேன். எதையும் வேண்டுமென்று செய்யவில்லை. கட்டம் போட்டு, அளந்து, பார்த்துப் பார்த்துத்தான் வரைந்தேன். அப்படியிருந்தும் கை எங்கிருந்தோ ஒரு சோகத்தைக் கொண்டுவந்து அந்த முகத்தில் ஒட்டிவிட்டது.

அந்தச் சோகம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

நான் பிரதி எடுத்தது வான்கோவின் ‘பசியான்ஸ் எஸ்காலியே’. 1888 ஆகஸ்டில், தெற்கு பிரான்சின் ஆர்ல் நகரில் வரைந்தது. எஸ்காலியே காமார்க் பகுதியில் மாடு மேய்த்தவர். வயதான பிறகு, க்ரோ சமவெளியில் ஒரு பண்ணை வீட்டில் தோட்டக்காரராக இருந்தார். வான்கோ அவரை இரண்டு முறை வரைந்திருக்கிறார். முதல் படத்தில் ஆழ்ந்த நீலப் பின்னணி, மஞ்சள் வைக்கோல் தொப்பி, மார்பளவு உருவம். அது இப்போது கலிஃபோர்னியாவில், பசடீனாவின் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாவதில் பின்னணி முழுக்க ஆரஞ்சு. கிழவர் ஒரு கைத்தடியின்மேல் இரு கைகளையும் கோத்து வைத்துச் சாய்ந்திருக்கிறார். அது தனியார் சேகரிப்பில் உள்ளது. என்னை முதலில் இழுத்தது இந்த ஆரஞ்சுதான்.

இவ்வகை ஓவியர்களைப் பின்-இம்ப்ரஷனிஸ்டுகள் என்கிறோம். அந்தப் பெயர் 1910-இல் லண்டனில் ரோஜர் ஃப்ரை நடத்திய கண்காட்சியில் பிறந்தது. 1890-இலேயே இறந்துவிட்ட வான்கோவுக்கு, தான் அப்படி ஒரு ஆள் என்பதே தெரியாது. பெயரை விடுவோம், காரியம் என்ன? இம்ப்ரஷனிஸ்டுகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பிடிக்கப் பார்த்தார்கள். வான்கோ அதற்கு மேலும் ஒரு அடி வைத்தார். அந்த மனிதர் எந்த வெயிலில் வெந்தவரோ அந்த வெயிலையே நிறமாக்கி அவருக்குப் பின்னால் நிறுத்தினார். அறுவடைக் காலத்து உலைச் சூட்டில் இந்த ஆளைக் கற்பனை செய்துகொண்டதாகத் தம்பி தியோவுக்கு எழுதுகிறார். நல்ல மனிதர்கள் இந்த மிகையில் கேலிச்சித்திரத்தை மட்டுமே பார்ப்பார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

அதே கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு யோசனை வருகிறது. தியோவிடம் துலூஸ்-லொத்ரெக் வரைந்த ஒரு படம் இருந்தது. மேசை முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், மேசையில் முகப்பவுடர் டப்பா. அந்தப் படத்தின் பெயரே ‘அரிசிப் பவுடர்’. என் குடியானவரை அதன் பக்கத்தில் மாட்டு, இரண்டுமே எடுப்பாகத் தெரியும் என்கிறார் வான்கோ. பவுடர் பூசிய முகமும் வெயில் தின்ற முகமும் ஒரே சுவரில்.

இதைப் படித்ததும் எங்கள் கூடத்துச் சுவர் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே தாத்தாவின் படம் மாலையோடு தொங்குகிறது. பத்து காஜாவுக்கும் கோப்பெங்குக்கும் நடுவே, இப்போது செம்பனையாகிவிட்ட ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். அவர் தனக்கென்று உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம் எதுவும் வீட்டில் இல்லை. இறந்த அன்று, அடையாள அட்டையில் இருந்த கறுப்பு வெள்ளைப் படத்தைத்தான் கடையில் கொடுத்துப் பெரிதாக்கினார்கள். பெரிதாக்கியவர் தன் பங்குக்குப் பின்னணியில் வானநீலம் பூசினார், முகத்தை நாலு படி வெளுப்பாக்கினார். கோடு போட்ட கோட்டு ஒன்றையும் மாட்டிவிட்டார். தாத்தா வாழ்நாளில் கோட்டு போட்டதில்லை.

ஆக, எங்கள் வீட்டில் லொத்ரெக்கின் பவுடர் மட்டும்தான் மாட்டியிருக்கிறது. பக்கத்தில் இருக்கவேண்டிய குடியானவரைக் காணோம்.

*

‘காப்பி அடிக்கிறான்’ என்பது நம்மிடம் திட்டும் வார்த்தை. பரீட்சையில் ஆரம்பித்து இலக்கியம் வரைக்கும் அப்படித்தான். அதனாலேயே, நான் ஒரு படத்தைப் பார்த்து வரைகிறேன் என்று சொன்னதும் எழுதுகிற நண்பர் ஒருவர், “சொந்தமா ஏதாவது செய்யலாமே?” என்றார். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது கொஞ்சம் இருக்கிறது.

ஓவியத்தில் பிரதி எடுப்பது பழைய பள்ளிக்கூடம். வான்கோ 1880-இல், 27 வயதில், ஓவியனாவது என்று முடிவெடுத்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, சார்ல் பார்க் தயாரித்த பயிற்சித் தாள்களையும் மில்லேயின் உழவர் படங்களையும் பார்த்துத் திரும்பத் திரும்ப வரைந்தது. எண்ணெய் வண்ணம் நம் ஊர்ப்பக்கம் வந்த கதையும் இப்படித்தான். மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர் திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர். இளம் ரவி வர்மாவுக்குத் தொழிலைச் சொல்லித்தர மறுத்துவிட்டார், அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளைதான் மறைவாகச் சொல்லிக்கொடுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தபோது, அவரும் கற்றுத்தரவில்லை, பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டாராம். பார்த்தே பிடித்துக்கொண்டார் ரவி வர்மா.

இதைப் பாட்டியிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. “நாங்க மட்டும் என்னவாம்? புதுசா வர்றவங்கள நல்ல மரத்துல வுட மாட்டாங்க. வெட்டிப் போடப்போற கெழட்டு மரத்துலதான் உளிய குடுப்பாங்க. பக்கத்துல ஒருத்தர் சீவுவாரு, நாம அதப் பாத்து அப்படியே இழுக்கணும். ஆழமாப் போச்சுன்னா மரத்துக்குக் காயம், கங்காணி ஏசுவாரு. மேலாகப் போச்சுன்னா பால் வராது. அந்த நடு எடம் கைக்குத் தெரியணும். வாயால சொல்லிக் குடுக்க முடியாது.”

பிரதி எடுப்பதைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பால்மரத்தில் பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உள்பக்கத்தில் இருக்கின்றன. அதற்கும் உள்ளே, மரத்தை வளர்க்கும் மெல்லிய அடுக்கு. உளி அதைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், அப்புறம் அங்கே ஒழுங்காகச் சீவ முடியாது. தொடாமல், அதன் பக்கம் வரைக்கும் போகவேண்டும். அந்தத் தூரம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான்.

*

என் கை என்னென்ன கற்றது என்று சொல்கிறேன். எல்லாம் சின்ன விஷயங்கள்.

முதலில், தாடி வெள்ளை இல்லை. டைட்டானியம் வெள்ளையை அப்படியே அப்பினேன், பஞ்சு ஒட்டியதுபோல ஆனது. மூலத்தை உற்றுப் பார்த்தால் அங்கே பச்சை இருக்கிறது, நீலம் இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவே வெள்ளை என்று நாம் நம்புவது கொஞ்சம்தான்.

இரண்டாவது, தோலில் பச்சை. சிவந்து கன்றிய கன்னத்தின் ஓரத்தில் பச்சைக் கோடுகளை வான்கோ துணிந்து இழுத்திருக்கிறார். பச்சை பக்கத்தில் வந்ததும் சிவப்பு இன்னும் எரிகிறது. எதிர் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிவிடும் என்ற இந்தக் கணக்கை அவர் புத்தகங்களில் படித்ததோடு நிற்கவில்லை. வெவ்வேறு நிறக் கம்பளி நூல்களைச் சேர்த்துச் சுற்றிய உருண்டைகளை ஒரு பெட்டியில் வைத்திருந்தார். எந்த நிறம் எதனோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று அதில் பார்ப்பார். அந்தப் பெட்டி இன்னும் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. பாட்டி சேலைக்கு ரவிக்கைத் துணி எடுக்கும்போது நூலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாரே, அதே வேலை.

மூன்றாவது, பொறுமை. எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகுகிறது. மண்பழுப்பு சீக்கிரம் இறுகும், வெள்ளை நாள்கணக்கில் இழுக்கும். அடியில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் வெடிக்கும். மத்தியானம் தவறாமல் மழை கொட்டும் நம்ம ஊரில், வாரத்துக்கு ஒரு நாள்தான் தொட முடிந்தது. நல்லதாகப் போயிற்று. மற்ற ஆறு நாளும் வெறுமனே பார்த்தேன்.

நான்காவது, மூலம் என்று நாம் நம்புவதும் மூலம் இல்லை. என் கைப்பேசியில் ஒரு ஆரஞ்சு, கடையில் அச்செடுத்த தாளில் வேறு ஆரஞ்சு. “இதுல எதை நீ காப்பி பண்ணப்போற?” என்று அங்கிள் சிரித்தார். இன்னொன்றும் உண்டு. வான்கோ பயன்படுத்திய சில சிவப்புகள் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும் வகை. ஆர்ல் படுக்கையறைப் படத்தில் இன்று நாம் நீலமாகப் பார்க்கும் சுவர்கள் ஊதாவாக இருந்தவை என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நாம் பிரதி எடுப்பதில் ஓவியர் செய்ததும் இருக்கிறது, 130 வருடக் காலம் செய்ததும் இருக்கிறது.

இவ்வளவும் கற்ற பிறகும், அந்த வாய் மட்டும் சரியாக வரவில்லை. மூன்று முறை சுரண்டி எடுத்தேன். மூன்று முறையும் கிழவர் சோகமாகவே வந்தார்.

*

அப்போதுதான் என் பழைய சிறுகதை ஞாபகத்துக்கு வந்தது. கல்லூரி நாளில் எழுதியது, ஒரு போட்டியில் ஆறுதல் பரிசும் வாங்கியது. தேடி எடுத்துப் படித்தேன். அதில் ஒரு தோட்டத்துக் கிழவர் வருகிறார். கண்கள் குழி விழுந்திருக்கின்றன. கைகள் காய்த்திருக்கின்றன. முகத்துச் சுருக்கங்கள், நான் ஒருபோதும் பார்த்திராத வறண்ட வயலைப்போல வெடித்திருக்கின்றன. கிந்தா பள்ளத்தாக்கில் எங்கே இருக்கிறது வறண்ட வயல்? கதை முழுக்க அவர் இருமுகிறார். கடைசியில் சாகிறார்.

என் தாத்தாவை வைத்துத்தான் எழுதினேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். ஆனால் என் தாத்தா அப்படியே இல்லை. ராலே சைக்கிளைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பவர். பால் நிறுக்கும் இடத்தில் கணக்கு குறைந்தால் கிராணியிடம் மல்லுக்கு நிற்பவர். தலைக்குமேல் கனவு வந்தால் அதை நாலு இலக்கமாக மாற்றி நம்பர் எடுப்பவர். விழுந்தால் கோழி, விழாவிட்டால் அன்றைக்கு யாரும் அவரோடு பேசக்கூடாது. கஷ்டப்பட்டவர்தான், மறுக்கவில்லை. ஆனால் கஷ்டம் அவருடைய முகமாக இருக்கவில்லை.

அப்படியானால் என் கதையில் இருந்த அந்தக் கிழவர் யார்? அவர் பிரதி. யாரோ எப்போதோ எழுதிய ஒரு கிழவரை இன்னொருவர் பார்த்து எழுதி, அதை மற்றொருவர் எழுதி, மேடைப் பேச்சிலும் தீபாவளித் தொலைக்காட்சி நாடகத்திலும் புரண்டு என்னிடம் வந்து சேர்ந்தவர். நான் பிரதி எடுக்கிறேன் என்பதே தெரியாமல் எடுத்த பிரதி. வான்கோவின் குடியானவர் முகத்தில் என் கை கொண்டுபோய் ஒட்டியதும் அதே கிழவரைத்தான்.

நண்பர் கேட்ட கேள்விக்கு என் பதில் இது: சொந்தமாகச் செய்வதாக நினைத்தபோது காப்பி அடித்தேன். காப்பி அடிக்க உட்கார்ந்தபோதுதான், நான் ஏற்கெனவே எதைக் காப்பி அடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

இதை என்னோடு நிறுத்திக்கொள்ள விரும்பவில்லை. தோட்டத்தைப் பற்றி நம் தலைமுறை எழுதுவதில் பெரும்பகுதி தோட்டத்தைப் பார்க்காமலே எழுதப்படுகிறது. அது குற்றமில்லை, தோட்டங்கள் நமக்கு முன்னாலேயே துண்டாடப்பட்டுவிட்டன. ஆனால் பார்க்காததை எழுதும்போது எதிலிருந்து எடுக்கிறோம் என்றாவது தெரிந்திருக்கவேண்டும். அகிலன் 1970-களில் இங்கே வந்துபோன பின் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். அது வந்துபார்த்த ஒரு விருந்தாளியின் பரிவு. விருந்தாளிக்கு அது அழகு. பேரப்பிள்ளைகளான நாமும் தாத்தாவை விருந்தாளியின் கண்ணால் பார்த்தால் எப்படி? சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ நாவலை நான் தாமதமாகத்தான் வாசித்தேன். அதிலுள்ள பேச்சு, பரிவுக்குக் காத்திருக்காத பேச்சு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், வான்கோ தன் படத்தை லொத்ரெக்குக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னதன் காரணம் புரியும்.

*

எங்கள் ஊரில் ஒரு முகத்தை எல்லாரும் பார்க்கப் போகிறார்கள். கெல்லீஸ் காசல் போகும் சாலையில், மாளிகைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான தோட்டத்துரை வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் அந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நடுவில் கொள்ளைநோய் வந்து பலர் இறக்க, தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டபடி துரை கோயில் கட்டித் தந்தார் என்றும், நன்றியாக அவர் உருவத்தைக் கோயில் கூரையில் தெய்வங்களோடு சேர்த்து வைத்தார்கள் என்றும் சொல்வார்கள். வெள்ளை உடுப்பில் துரை இன்னும் மேலே நிற்கிறார். 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துபோனார், மாளிகை முடியாமலே நின்றது.

ஒரு தமிழ்க் கை வெள்ளைக்காரனைப் பார்த்து உருவம் செய்து கூரைமேல் ஏற்றியிருக்கிறது. அந்தக் கைக்குச் சொந்தக்காரரின் முகத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. இதைக் கோபமாகச் சொல்ல வரவில்லை. உருவம் செய்யத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருந்தார்கள். தங்களையே உருவமாகச் செய்துகொள்ளலாம் என்று மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லையோ, அல்லது அதற்கு நேரமில்லையோ.

*

ஏழாவது வாரம் எஸ்காலியேவின் வாய் வந்தது. பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. உதட்டை வரைவதை விட்டுவிட்டு, மீசைக்கும் தாடிக்கும் நடுவே உள்ள நிழலை மட்டும் அதன் வடிவத்தில் வைத்தேன். வாய் என்று நினைக்காமல் நிறம் என்று நினைத்தேன். கிழவர் அழுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கொஞ்சம் முறைப்பாகக்கூட.

அடுத்ததாக, தாத்தா. கையில் இருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதுவும் கறுப்பு வெள்ளை. இங்கேயும் வான்கோதான் வழி காட்டினார். 1889-90-இல் ஸான் ரெமி மனநல விடுதியில் இருந்தபோது, வரைவதற்கு ஆள் கிடைக்காமல் மில்லேயின் படங்களைத் தன் நிறத்தில் வரைந்தார், இருபதுக்கும் மேல். கையில் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுகள். இன்னொருவர் இயற்றிய இசையை ஒரு கலைஞர் தன் வழியில் வாசிப்பதுபோல என்று அதைப் பற்றி எழுதுகிறார். கறுப்பு வெள்ளையை நிறத்துக்கு மொழிபெயர்க்கலாம் என்றால், தாத்தாவையும் மொழிபெயர்க்கலாமே.

பின்னணிக்கு ஆரஞ்சுதான் போடப்போகிறேன் என்று இருந்தேன். வண்ணம்கூடக் கலந்துவிட்டேன். சும்மா ஒரு பேச்சுக்குப் பாட்டியிடம் கேட்டேன், “பாட்டி, தாத்தா என்ன நெறம்?”

“கறுப்புதான். உன்னாட்டம் இல்ல, நல்ல கறுப்பு.”

“வெயில்ல நின்னு நின்னு கறுத்துட்டாரா?”

பாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார். “மரம் சீவுறவனுக்கு வெயிலு ஏதுடா? பொறக்கும்போதே கறுப்பு அவரு. பெரட்டுக்குப் போறப்ப இருட்டு. நெத்தியில வெளக்கக் கட்டிக்கிட்டு சீவுவோம். வெயிலு ஏறுனா பாலு நின்னுரும்ல. காட்டுக்குள்ள எந்நேரமும் நெழலுதான், கொசுதான். மொகத்துல வெளக்கு வெளிச்சம் விழும், மத்ததெல்லாம் இருட்டு. அப்படித்தான் அவர நான் மொதல்ல பாத்தேன், பக்கத்து நெரையில.”

கலந்து வைத்த ஆரஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதுவும் நான் பார்க்காமல் எடுக்கவிருந்த பிரதிதான். வெயில் எஸ்காலியேவுடையது. பால்மரத்துக்காரரின் உலகம் விடியலுக்கு முந்தைய குளிர். மரத்துக்குள் அழுத்தம் கூடியிருந்து பால் நன்றாக ஓடுவது அந்த நேரத்தில்தான். வான்கோவிடமிருந்து நான் எடுத்துக்கொள்ள வேண்டியது ஆரஞ்சை அல்ல. இந்த மனிதர் எதற்குள் வாழ்ந்தார் என்று கேட்டு, அதை அவர் பின்னால் வைக்கவேண்டும் என்ற முடிவை. பாட்டி சொல்லாமல் இருந்திருந்தால் தாத்தாவை ஆர்ல் நகரத்து வெயிலில் நிறுத்தியிருப்பேன். பார்ப்பவர்கள் பாராட்டியும் இருப்பார்கள்.

ஆரஞ்சை வீணாக்கவில்லை. நெற்றி விளக்கு வெளிச்சம் விழும் மூக்கு நுனிக்கும் கன்னத்துக்கும் கொஞ்சம் வைத்துக்கொண்டேன். பின்னணிக்கு, எஸ்காலியேவின் முதல் படத்தில் உள்ள ஆழ்ந்த நீலத்தில் பச்சை கலந்து பூசியிருக்கிறேன். அது இன்னும் காயவில்லை. கறுப்புத் தோலுக்குக் கறுப்பு வண்ணம் உதவாது என்பது இப்போதைய பாடம். மண்பழுப்பும் நீலமும் கொஞ்சம் சிவப்பும் சேர்த்துத்தான் பக்கம் வரமுடிகிறது.

போன ஞாயிறு பாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்தார். நேரம் எடுத்துப் பார்த்தார்.

“மூக்கு அவரோடது இல்ல” என்றார். “மத்தபடி, கிராணிகிட்ட சண்டைக்குப் போற மாதிரியே இருக்காரு.”

மூக்கைச் சுரண்டிவிட்டேன். அடுத்த வாரம் மறுபடியும் வரையவேண்டும்.